உட்கார்ந்ததற்கான சான்றிதழ்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்தில், மேட்டின் மேல் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் என் பதவியின் பெயர் இருப்புப் பதிவு அலுவலர். மாணவர் வந்தார், இருந்தார், போனார் என்று எழுதுவது என் வேலை. என்ன படித்தார், ஏதாவது மண்டையில் ஏறியதா என்று பார்ப்பது வேறு அலுவலகத்தின் வேலை. அந்த அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று இந்த ஏழு ஆண்டுகளில் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

என் பெயர் லிங்கேஸ்வரன். மலேசியாவில் ஈப்போக்காரன். பிளாக்ஹவுஸ் பேயில் வாடகை வீட்டில் இருக்கிறேன். நான் கெட்டவன் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட ஆசைதான். ஆனால் குணவதி அக்காவுக்கு நான் செய்ததைச் சொன்ன பிறகு அந்த வாக்கியம் நிற்குமா என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

2014ஆம் ஆண்டு ஒரு நாள் எங்கள் துணைவேந்தரின் கார் பழுதாகி, அவர் ரயிலில் வர வேண்டியதாயிற்று. ஏவன்டேல் நிலையத்தில் அவர் கண்ணுக்கு நேரே ஒரு விளம்பரம். ‘வேலையை விட வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். பட்டம் உங்களைத் தேடி வரும்.’ இணையவழியில் பட்டம் தரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் விளம்பரம் அது. மூன்று ஆண்டுகளாக அங்கேதான் இருந்தது. எங்கள் மாணவர் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று அதே மூன்று ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்த குழுவுக்கு அது தெரியாது. குழுவில் யாரும் ரயிலில் போகிறவர்கள் இல்லை.

துணைவேந்தர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அன்று மாலையே நேரடிக் கல்விப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் முனைவர் வரதராஜன். கோயம்புத்தூர்க்காரர், நிர்வாகவியல் பேராசிரியர். இங்கே எல்லோரும் துணைவேந்தரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் வரதராஜனை சார் என்பேன். அவர் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அதனாலேயே என்னைக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்.

மனிதர்கள் நேரில் கூடிக் கற்பதன் மகத்துவத்தைப் பற்றி அந்தக் குழு ஒன்பது முறை கூடியது. ஒன்பதும் ஸ்கைப்பில் நடந்தன. நகர மையத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். வரதராஜன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து பேசினார்.

“அறிவு என்பது கம்பி வழியாக வருவதல்ல, நண்பர்களே. அது கட்டடத்தில் இருக்கிறது. நம்முடைய கற்சுவர்களில் ஊறியிருக்கிறது. மாணவர் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போதுமான நேரம் இருந்தால் அது அவருக்குள் இறங்கும். பேராசிரியர் அந்த நேரத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் சுவர் இருக்கிறது.”

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேருக்கு ஒலி அணைந்திருந்ததால் அவர்கள் தட்டியது மட்டும் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் குறிப்பில் எழுதினேன். கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவர் என்னிடம் தமிழில் சொன்னார்.

“என் பொண்ணு தாரிணிகூட ஆன்லைன்லதான் எம்பிஏ பண்றாப்பா. அது வேற விஷயம். அவ வேலைக்குப் போயாகணும்ல. இதையெல்லாம் மினிட்ஸ்ல போட்டுடாத.”

ஒன்பதாவது கூட்டத்தில் விதி பிறந்தது. இணையவழியில் பட்டம் வாங்கிய எவரும் எங்களிடம் மேற்படிப்பில் சேர வேண்டுமானால், முதலில் நூற்றிருபது மணி நேரம் வளாகத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பாடம் கிடையாது, தேர்வு கிடையாது. விரிவுரை மண்டபத்தின் வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே போய் உட்கார்ந்து, தேய்த்து வெளியே வர வேண்டும். அவ்வளவுதான். ஏன் நூற்றிருபது என்று கேட்டேன்.

“நூறுன்னு வெச்சா யோசிக்காம வெச்ச மாதிரி இருக்கும்ப்பா” என்றார் வரதராஜன்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. என் பட்டமே இணையவழிப் பட்டம்தான். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்றார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை. எந்த அலுவலகத்தில் மாணவர்களின் வருகையை எழுதிக்கொண்டிருந்தேனோ அதே மேசையில், மதிய உணவு நேரத்தில், உண்மையைச் சொன்னால் மதிய உணவு அல்லாத நேரத்திலும், நாலு வருடம் திருட்டுத்தனமாகப் படித்தேன். வரதராஜன் ஒருமுறை “நீ எங்கப்பா படிச்ச?” என்று கேட்டபோது “கேம்பஸ்லதான் சார்” என்றேன். அது பொய் இல்லை. உட்கார்ந்திருந்தது வளாகத்தில்தான். நூற்றிருபது என்ன, ஆயிரக்கணக்கான மணி நேரம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

அந்த விதியின் கீழ் வந்த முதல் விண்ணப்பம் குணவதி அக்காவுடையது. கடைசி விண்ணப்பமும் அதுதான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. ஏவன்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாகப் பராமரிப்பாளர். வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கட்டிலில் விடும் வேலை. முதுகு போய்விட்டது. இனிமேல் ஆளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இல்லத்திலேயே குடும்பத் தொடர்பாளர் என்று ஒரு வேலை காலியாகிறது. உட்கார்ந்து செய்யும் வேலை. சமூகப் பணி மேற்படிப்பில் சேர்ந்துவிட்டதாக பிப்ரவரி 27ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கடிதம் காட்டினால் அது அவருக்கு. இல்லாவிட்டால் வெளியில் ஆள் எடுப்பார்கள்.

சான்றிதழைப் பார்த்தேன். நான் படித்த அதே இணையப் பல்கலைக்கழகம், அதே ஆண்டுகள். பெயரைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. அங்கே மாணவர்கள் சந்தேகம் கேட்கும் பக்கம் ஒன்று உண்டு. புள்ளியியலில் நான் இரண்டு முறை தோற்று நின்றபோது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பக்கத்தில் கணக்கைப் படிப்படியாக எழுதி விளக்கியவர் ஒருவர் இருந்தார். குணவதி என்று கையெழுத்திடுவார். பேராசிரியர் விளக்கி விளங்காதது அவர் எழுதிய பிறகு விளங்கிற்று. நான் வேறு பெயரில் இருந்தேன். இவருக்கு என்னைத் தெரிய வழியில்லை. ‘அக்கா, நீங்கதானா அது’ என்று அந்த நிமிஷமே கேட்டிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் ஆள் இருந்தது. கேட்கவில்லை.

“தம்பி, உள்ளுக்க நான் என்ன செய்ய வேணும்?” என்றார்.

“ஒன்னும் செய்ய வேணாம்கா. உக்காரணும். அவ்வளவுதான்.”

“சும்மாவோ?”

“சும்மாதான்கா. ரூல்ஸ் அப்படி இருக்குலா” என்று விதிகள் அச்சிட்ட தாளை அவரிடம் கொடுத்தேன்.

“பதினோரு வருஷமா என்னை ஒருத்தரும் சும்மா இருக்கச் சொல்லேல்ல” என்று சிரித்தார். “நைட் டியூட்டி முடிச்சிட்டு நேரா வருவன். நித்திரை வந்தா?”

விதியில் அது இல்லை. வரதராஜனைக் கேட்டேன். அவர் குழுவைக் கூட்டினார். எங்கள் நீண்ட மரபில் தூங்கிய மாணவருக்கு வருகை மறுக்கப்பட்டதாக ஒரு பதிவும் இல்லை என்று நூலகர் தேடிப் பார்த்துச் சொன்னார். ஆகவே தூங்கலாம், குறட்டை விடக் கூடாது என்று முடிவாயிற்று.

ஜனவரி 12ஆம் தேதி அவர் உட்காரத் தொடங்கினார். இங்கே அது கோடை விடுமுறை. முன்னூறு இருக்கைகள் உள்ள மண்டபத்தில் அவர் ஒருவர்தான். அங்கே விளக்குகள் ஆள் அசைவைப் பார்த்து எரிபவை; பத்து நிமிடம் அசையாவிட்டால் அணைந்துவிடும். நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இருட்டில் அவர் ஒரு கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்துவதுபோல் ஆட்டுவார், விளக்கு வரும், கையை இறக்குவார். இருட்டில் இருந்த நேரம் இருப்பாகுமா என்று அதற்கும் குழு கூடியது. இருட்டிலும் சுவர் இருக்கிறது என்று வரதராஜன் சுட்டிக்காட்டியதால் ஆகும் என்று தீர்மானித்தார்கள். அவர் நியாயமாகப் பேசிய ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜனவரி கடைசியில் வெலிங்டனிலிருந்து தர ஆய்வுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். காட்டுவதற்கு வளாகத்தில் மாணவர் யாரும் இல்லை. துணைவேந்தர் அவர்களை நேரே குணவதி அக்காவிடம் அழைத்துப் போனார்.

“பாருங்கள், விடுமுறையிலும் இங்கே கல்வி நிற்பதில்லை. இந்தப் பெண்மணி எந்தக் கட்டாயமும் இல்லாமல் தினமும் வந்து அமர்கிறார். எங்களிடம் இருக்கும் ஏதோ ஒன்று அவரை இழுக்கிறது. அது என்ன என்று எங்களுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. அதுதான் பல்கலைக்கழகம்.”

ஆய்வுக்காரர்களில் ஒருவர், இங்கே என்ன கற்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “பொறுமை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். துணைவேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கு மிகச் சிறப்பு என்ற தரம் கிடைத்தது.

பிப்ரவரி 17ஆம் தேதி மண்டபத்தில் கேமராக்கள் வந்து இறங்கின. விரிவுரைகளைப் படம் பிடிக்கப்போகிறார்கள், மூன்று நாள் வேலை. எதற்கு என்று கேட்டேன். ஆவணத்துக்கு என்றார் வரதராஜன். விடுமுறையில் மாணவர் கிடையாது. ஆனால் படத்தில் நேரடி வகுப்பாகத் தெரிய வேண்டும். அதனால் அலுவலக ஊழியர்களான எங்களை மாணவர்களாக உட்காரச் சொன்னார்கள். முன்வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது.

“சார், குணவதிக்கா உள்ள இருக்காங்க. அவங்களும் உக்காந்துக்கட்டுமே” என்றேன்.

“வேணாம்ப்பா. அந்தம்மா கொட்டாவி விடுறாங்க. ஹெச்டில அது அப்படியே விழும். வெளிய இருக்கச் சொல்லு.”

வெளியே வராந்தாவில் நாற்காலி இல்லை. இருந்தவற்றையும் கேமராக்காரர்கள் உட்கார உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அக்கா கதவுக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

“அப்ப இந்த மணித்தியாலங்கள் கணக்கில வருமோ தம்பி? வராட்டி நான் வீட்ட போய்ப் படுத்திட்டு, மற்ற நேரம் வந்து இருக்கிறன்.”

“நில்லுங்கக்கா. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

மூன்று நாளும் காலை நாலு மணி நேரம் வீதம் அவர் வெளியே நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து, புரிந்ததுபோல் தலையாட்டினேன். பேராசிரியர் ஒரு வாக்கியத்தை ஏழு முறை சொன்னால் ஏழு முறையும் புதிதாகப் புரிந்ததுபோல் ஆட்ட வேண்டும். நடுவில் கதவு திறக்கும்போது அவர் சுவரில் சாய்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பது தெரியும். ஒருமுறை என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இம்முறை குழு தேவைப்படவில்லை. ‘மண்டபத்துக்கு வெளியிலான இருப்பு அலுவலரின் மனச்சாட்சிக்கு உட்பட்டது’ என்று விதியிலேயே இருக்கிறது. அந்த வரியை எழுதியவனே நான்தான். ஒரு கோடு போட்டு, கையெழுத்து வைத்தால் முடிந்தது. ஆனால் நான் படித்த அதே இணையப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு நானே சலுகை கொடுத்ததாக நாளைக்கு யாராவது தோண்டினால் என்ற பயம் எனக்கு. ‘பரிசீலனையில்’ என்ற பத்தியில் எழுதி வைத்தேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தன் கணக்கில் அவற்றைச் சேர்த்துக்கொண்டே வந்தார். அது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 26, வியாழக்கிழமை, எல்லா ஊழியர்களுக்கும் வரதராஜன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அவரவர் பட்டச் சான்றிதழைத் திங்கட்கிழமைக்குள் தர வேண்டும். எங்கே, எந்த முறையில் படித்தோம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இணையவழிக்காரர்களைக் களையெடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இந்த நேரத்தில் நான் கறாரான ஆள் என்று ஒரு பதிவு இருந்தால் நல்லது என்று தோன்றிற்று. குணவதி அக்காவின் பன்னிரண்டு மணி நேரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ஏற்கப்படவில்லை’ என்று எழுதினேன். அதன் கீழே கையெழுத்தும் வைத்தேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். நூற்றிருபது முடிந்தது என்று சொல்லி, ஒரு டப்பாவில் வடை வைத்தார்.

“நூத்தி எட்டுதான்கா இருக்கு” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

“வெளியில நிண்டது?”

“அது எடுக்க முடியாதுக்கா. ரூல்ஸ்லா.”

“போன கிழமையே சொல்லியிருந்தா நான் வந்து இருந்திருப்பனே தம்பி. லீவு எடுத்தாவது இருந்திருப்பன்.” குரல் உயரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு மணிக்கு இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு. பன்னிரண்டு ஏலாது என்ன?”

“ஏலாதுக்கா.” நான் அவருடைய சொல்லிலேயே பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“நீங்கள் எழுதினா எழுதலாமோ? சட்டத்தில இடம் இருக்கோ?”

இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. “இல்லக்கா” என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டார். பிறகு, “சரி. நீங்கள் என்ன செய்வியள், சம்பளத்துக்கு இருக்கிற பிள்ளை” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். வடையை அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் அந்த மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். திரையில் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வரதராஜன் மேடையேறினார்.

“அறிவுக்குச் சுவர் எதற்கு, நண்பர்களே? கல்லையும் சுண்ணாம்பையும் கட்டிக்கொண்டு அழும் காலம் போய்விட்டது. இன்று முதல் நம் பல்கலைக்கழகம் முழு இணையவழிப் பட்டங்களைத் தருகிறது. இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன். நேரடிக் கல்விப் பாதுகாப்புக் குழுவை நான் அமைக்கச் சொன்னதே, பாதுகாக்க அதில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நூற்றிருபது மணி நேர விதி அன்று காலை முதல் ரத்து. அதற்கு முன் முடிவான விண்ணப்பங்களுக்கு இது பொருந்தாது.

கூட்டம் முடிந்ததும், எப்படியும் மாட்டப்போகிறேன் என்று என் சான்றிதழை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

“அடப்பாவி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஆன்லைன்ல படிச்ச ஆளு வேணும்னுதானே எல்லார்கிட்டயும் சர்ட்டிபிகேட் கேட்டேன். புது டிபார்ட்மென்ட்டுக்கு நீதான் மேனேஜர்.”

எனக்குத் தனி அறை கிடைத்தது. வாழ்த்த வந்தவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். சந்தோஷம் ஒரு துளிகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. யாருக்குப் பயந்து அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை அடித்தேனோ, அப்படி ஒருவர் இருக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, புதிய படிப்பில் சேரக்கூடியவர்கள் என்று கணினி ஒரு பட்டியல் தந்தது. இணையத்தில் படித்து அனுபவம் உள்ளவர்களை முதலில் அழைக்க வேண்டும். முதல் பெயர் குணவதி. வேறு யாரையாவது பேசச் சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றையாவது நானே செய்வோம் என்று எண்ணை அழுத்தினேன்.

“ஓம் தம்பி, சொல்லுங்கோ” என்றார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

படிப்பைப் பற்றிச் சொன்னேன். வீட்டிலிருந்தே படிக்கலாம், எங்கேயும் வந்து உட்கார வேண்டாம், இந்த வாரமே சேரலாம். எழுதிக் கொடுத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

“நல்ல விஷயம். இனி வாறவைக்கு உதவும்” என்றார். “எனக்கு இனி எதுக்குத் தம்பி? அந்த வேலைக்கு வேற ஆள் வந்திட்டுது. நான் பழையபடி தூக்கிக்கொண்டு நிக்கிறன்.”

“அக்கா.” அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அந்தப் பன்னெண்டு மணி நேரத்த நான் எழுதியிருக்கலாம். எனக்குப் பவர் இருந்துச்சு. பயந்துக்கிட்டு எழுதல.”

மறுமுனையில் ஏதோ மணி அடித்தது. யாரோ வயதானவர் கூப்பிடும் மணி.

“தெரியும் தம்பி. அந்தச் சட்டம் எழுதின தாளை நீங்கள் முதல் நாளே என்னட்டத் தந்தனீங்கள். நான் முழுக்க வாசிச்சனான்.” மணி திரும்பவும் அடித்தது. “உங்கட வாயால வருதோ எண்டுதான் அண்டைக்குக் கேட்டனான். சரி, வைக்கிறன். ஆளைக் கட்டில்ல இருந்து எழுப்ப வேணும்.”

அழைப்பு முடிந்ததும் திரையில் ஒரு படிவம் வந்தது. அதை நிரப்பாமல் அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. அழைப்பின் விளைவு என்று கேட்டு இரண்டே கட்டங்கள்: ‘சேருகிறார்’, ‘ஆர்வமில்லை’. மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறதா என்று கீழே வரை தேடினேன். பிறகு குணவதி அக்காவின் பெயருக்கு நேராக ‘ஆர்வமில்லை’ என்று குறியிட்டுவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினேன்.